ஜெர்மன் பாஷைக்குச் சந்தை சொன்னது

அந்த வருஷம் எங்கள் வீட்டில் பேச்செல்லாம் என் வீட்டுக்காரரின் தலைமயிரைப் பற்றித்தான். காலேஜில் படிக்கும்போது குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொண்டிருந்தார். பி.ஏ. படிக்கிறவனுக்கு அதுதான் லட்சணம் என்று மாமனாரும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பி.ஏ. பாஸாகியும் உத்தியோகம் வரவில்லை. சர்க்கார் கச்சேரிக்கு விண்ணப்பம் போட்டார். பள்ளிக்கூடங்களுக்குப் போட்டார். பதில் வருவதற்குள் கிராப்பு வளரும், போய் வெட்டிக்கொண்டு வருவார், மறுபடியும் வளரும்.

மாமனார் வைதிகர். திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள் இருக்கிற தெருக்களில் சிராத்தம், புண்யாகவாசனம், கிரகப்பிரவேசம் எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருடன் கூடப் போய்க்கொண்டிருந்த இன்னொரு வைதிகர், முழங்கால் வலி வந்து, தென்காசியில் பெண் வீட்டோடு போய் இருந்துவிட்டார். தனியாக எல்லா இடத்துக்கும் ஓட மாமனாரால் முடியவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது பிள்ளையிடம் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"ஆவணி அவிட்டம் வரைக்கும் பாரு. அதுக்குள்ள உத்தியோகம் கிடைச்சாக் கொள்ளாம். இல்லையானா குடுமியை வளர்த்துண்டு எங்கூட வா. பூணல் போட்டதுலேந்து எங்கிட்ட சொன்னதெல்லாம் உன் தொண்டைக்குள்ளேதான் இருக்காக்கும். எங்கேயும் போகலை."

என் வீட்டுக்காரர் இடது கையால் தலையை ஒரு தடவை தடவிக்கொண்டார். அன்று மோருக்கு இருக்காமல் எழுந்துவிட்டார்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனவள். நாலாம் கிளாஸ் வரை படித்தேன். எனக்குக் கூச்சம் ஜாஸ்தி. மாமனார் எதிரில் நான் வாய் திறந்து பேசியதே கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமானால் மாமியாரிடம் சொல்வேன், அவர் சொல்வார். மாமியார் பக்கத்தில் இல்லாவிட்டால் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கீழே வைப்பேன். மாமனாரும் அந்தச் சத்தத்தை வைத்தே காப்பியா, வாசலில் ஆள் வந்திருக்கிறதா என்று தெரிந்துகொண்டுவிடுவார். அப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தது.

பங்குனி உற்சவம் முடிந்த கையோடு என் வீட்டுக்காரர் ஒரு செய்தி கொண்டுவந்தார். மியூசியத்துக்கு அப்பால் ஒரு பங்களாவில் ஜெர்மன் சாயிப்பு ஒருவர் வந்து இருக்கிறாராம். கடற்கரையில் கிடக்கிற கறுப்பு மணலை மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றி அவர்கள் ஊருக்கு அனுப்புகிறாராம். அவருக்கு ஜெர்மன் பாஷை கொஞ்சமாவது தெரிந்த குமாஸ்தா வேண்டுமாம். ஆவணி மாதத் தொடக்கத்தில் நேரில் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பாராம்.

"மணலையா கொண்டு போறான்?" என்று மாமியார் கேட்டார்.

"ஆமாம்மா."

"அவா ஊர்ல மணல் இல்லையோ?"

"இருக்கும். இது வேற மணல்."

"பாவம்" என்றார் மாமியார். யாரை நினைத்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

மறுநாளே அவர் லைப்ரரியிலிருந்து ஒரு தடிப் புஸ்தகம் எடுத்து வந்தார். இங்கிலீஷ் வழியாக ஜெர்மன் படிக்கிற புஸ்தகம். ஒரு வாரம் அதை வைத்துக்கொண்டு முற்றத்தில் முன்னும் பின்னுமாக நடந்தார். ஒரு வார்த்தை ஏறவில்லை. அவருக்கு அப்படி ஒரு சுபாவம். சின்ன வயதில் அப்பாவிடம் வேதம் படித்தபோது சந்தை சொல்லித்தான் படித்தார். சந்தை என்றால், குரு ஒரு தடவை சொல்ல, சிஷ்யன் அதையே இரண்டு தடவை திருப்பிச் சொல்வது. புஸ்தகம் ஏடு ஒன்றும் கிடையாது, காதால் வாங்கித் தொண்டையில் போட்டுக்கொள்வதுதான். அதற்குப் பிறகு கண்ணால் பார்த்துப் படிக்கிற எதுவும் அவருக்கு ஒட்டவில்லை. பி.ஏ.கூட, கூடப் படித்த சிநேகிதர் ஒருவர் பாடங்களை வாசித்துக் காட்ட, இவர் இரண்டிரண்டு தடவை திருப்பிச் சொல்லித்தான் பாஸானார். அந்த சிநேகிதருக்கு இப்போது மதராஸில் உத்தியோகம்.

அப்பாவிடம் போய் நின்றார். "எனக்கு யாராவது எடுத்துக் கொடுக்கணும், அப்பா."

"இந்த வாயால காயத்ரி சொல்றேன். இதே வாயால மிலேச்ச பாஷையும் சொல்லணுமா? போடா."

மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மிச்சம் நான்தான்.

அவர் அந்தப் புஸ்தகத்திலிருந்து வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் பெரிது பெரிதாக எழுதி, ஆட்டுக்கல்லுக்கு எதிரே சுவரில் மாவுப் பசை தடவி ஒட்டினார். ஒரு வரிக்கு மூன்று வார்த்தை. ஸைன், வார், கெவேசன். ஹாபன், ஹாட்டெ, கெஹாப்ட். கேஹன், கிங், கெகாங்கன். முதல் வார்த்தை 'போவது' என்பது மாதிரி, அடுத்தது 'போனான்', கடைசியது 'போயிருந்தான்' என்று எனக்குச் சொன்னார். முதலாவதை விட்டால் எல்லாம் நடந்து முடிந்த காரியத்தைச் சொல்கிற வார்த்தைகள்.

"ஏன்னா, நடக்கப்போறதைச் சொல்ல ஒண்ணும் வேண்டாமா?" என்று கேட்டேன். அவரிடம் மட்டும் தனியாக இருக்கும்போது பேசுவேன்.

"சாயிப்பு என்ன கேக்கப்போறான்? எங்கே படிச்சே, எப்போ பாஸானே, என்ன பண்ணிண்டிருந்தே, இதானே? எல்லாம் ஆன கதை. இப்போ என்ன பண்றேன்னு கேட்டா, நான் ஒண்ணும்தான் பண்ணலையே. அதுக்கு வார்த்தை எதுக்கு? இனிமே என்ன பண்ணணும்னு அவன் சொல்லட்டும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

காலையில் நான் இட்டிலிக்கு அரைக்கிற நேரம்தான் பாட நேரம். ஆட்டுக்கல் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்காது. அதனால் கூச்சமில்லாமல் உரக்கச் சொல்ல முடிந்தது. நான் ஒரு தடவை சொல்வேன், கிணற்றடித் துவைக்கிற கல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவர் இரண்டு தடவை சொல்வார். முதல் நாளே அவருக்கு ராகம் வந்துவிட்டது. வேதத்துக்கு ஏற்றி இறக்கிச் சொல்கிற ஸ்வரம் இருக்கிறதே, அதுதான். "கொம்மன்" என்று சமமாக ஆரம்பித்து, "காம்" என்று தாழ்த்தி, "கெகொம்மன்" என்று மேலே தூக்கி நிறுத்துவார். ஸ்வரம் போட்டால்தான் வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்தது. நானும் அப்படியே எடுத்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டேன். அந்த வீட்டில் விடிந்தால் எழுந்தால் கேட்கிற ராகம்தானே.

நாலைந்து நாள் கழித்து மாமனார் கோவிலிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். கொல்லைக் கதவருகில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால், மாமனார் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகட்டி, கண்ணை மூடி நிற்கிறார். வேத கோஷம் கேட்டால் அப்படி நிற்பது அவர் வழக்கம். குழவி நின்றது.

"ஏன் நிறுத்திட்டேள்? நடக்கட்டும்" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "எந்த சாகைடா இது? நான் கேட்டதே இல்லையே. ஸ்வரமெல்லாம் சுத்தமா இருக்கு, பாடம்தான் பிடிபடலை" என்றார். வேதத்தில் கிளை கிளையாக இருக்கிறதல்லவா, அதில் இது எது என்று கேட்கிறார்.

"அப்பா, இது ஜெர்மன்."

மாமனார் மேல்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஆனால் உள்ளே போகவில்லை.

"அர்த்தம் என்ன?"

"வந்தான், போனான், சாப்பிட்டான், தூங்கினான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்குப் போயி இவ்வளவு நல்ல ஸ்வரத்தை வீணாக்கறியேடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் இதைப் பற்றி வீட்டில் பெரிய விசாரணை நடந்தது. மருமகள் ஸ்வரத்தோடு சொல்லலாமா கூடாதா என்பதுதான் கேள்வி. மாமனார் எல்லாப் பக்கமும் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். வேதமில்லை, அதனால் அவள் சொல்லலாம். ஆனால் ஸ்வரம் இருக்கிறது, அதனால் வேதத்துக்கு உள்ள நியமம் இதற்கும் உண்டு. குளிக்காமல் சொல்லக்கூடாது. அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அஷ்டமியில் சொல்லக்கூடாது. ஒரு பிரிவு ஆரம்பித்தால் முடிக்காமல் நடுவில் நிறுத்தக்கூடாது. நான் வெளியில் உட்கார்ந்திருக்கிற நாட்களில் வாயே திறக்கக்கூடாது. எனக்கு வீட்டு வேலையில்லாமல் சும்மா இருக்கிற நாட்கள் அவைதான். இருந்தாலும் நியமம் நியமம்தான்.

மாமியாருக்கு வேறு கவலை. 'பார்த்தான்' என்பதற்கு அந்தப் பாஷையில் "சா" என்று வருகிறது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, குத்துவிளக்கை ஏத்தி வெச்சுட்டு வந்தா கொல்லையிலே 'சா, சா'ன்னு ரெண்டு பேருமா கத்தறேளே, நன்னாவா இருக்கு?" என்றார். அதனால் வெள்ளிக்கிழமைகளில் எதையும் பார்க்காமலே மற்றக் காரியங்களை நடத்தினோம்.

தெருவிலும் பரவிவிட்டது. பக்கத்து வீட்டு மாமி ஒரு நாள் வந்து, "உங்காத்துல என்னமோ விசேஷ ஜபம் நடக்கறதாமே, மழைக்கா?" என்று கேட்டாள். மாமியார் சற்றும் தயங்காமல், "மணலுக்கு" என்றார். அந்த மாமி தலையை ஆட்டிக்கொண்டு போனாள். அந்த வருஷம் வைகாசி நடுவில் வருகிற இடவப்பாதி மழை சரியான நாளில் வந்தது. தெருவில் இரண்டு மூன்று பேர் எங்கள் வீட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஆடி பிறந்தது. சுவரில் ஒட்டிய காகிதம் முழுக்க அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு நாள் தன்னைத் தானே பரீட்சை பண்ணிப் பார்க்கிறேன் என்று தனியாகப் போய் மாட்டுத்தொழுவத்தில் உட்கார்ந்தார். வெகு நேரம் கழித்து முகம் வெளுத்து வந்தார்.

"ஒண்ணும் வரலைடீ."

"என்ன வரலை?"

"எதுவும் வரலை. நீ எடுத்துக் கொடுத்தாத்தான் வருது. அதுவும் முதல்லேந்து ஆரம்பிச்சாத்தான் வருது. 'குடித்தான்'னு ஒரே வார்த்தை வேணும்னாலும் 'ஸைன்'லேந்து ஏறி வரணும் போல இருக்கே."

மாமியாரை எடுத்துக் கொடுக்கச் சொல்லிப் பார்த்தார். அவர் கேட்டுக் கேட்டு நாலு வரி பாடமாக்கி வைத்திருந்தார். அந்தக் குரலுக்கு வரவில்லை. என் குரலுக்குத்தான் வந்தது. அதற்குள் ஆவணி அவிட்டம் கிட்டே வந்துவிட்டது. பூணூலுக்கு நூல் நூற்கிற தக்ளி எல்லார் வீட்டிலும் வெளியே வந்தாயிற்று. நாவிதர் வந்த அன்று மாமனார், "அவனுக்கு இன்னிக்கு வேண்டாம். வளரட்டும்" என்று சொல்லியனுப்பிவிட்டார். அதைக் கேட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் உள்ளே நின்ற நிலையை நான் பார்த்தேன். இந்த உத்தியோகம் கிடைக்காவிட்டால் அவர் என்ன ஆவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

சாயிப்பு கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போவதாக வீட்டில் முடிவாயிற்று.

கோவிலுக்கும் ரயிலுக்கும் தவிர நான் கோட்டை வாசலைத் தாண்டியதில்லை. அன்னிய புருஷன் வீட்டு வாசலில் நின்று கத்த வேண்டும் என்றதும் எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. மாமியார் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"பயப்படாதேடீ குழந்தே. ஆட்டுக்கல் சத்தம் இருந்தா நீ சொல்லுவே, இல்லையா?"

தலையாட்டினேன்.

"ஆட்டுக்கல்லை வண்டியில ஏத்த முடியாது. ஏந்திரத்தை ஏத்திண்டு போனாப் போறது."

ஏந்திரம் என்றால் கையால் சுற்றி உளுந்து உடைக்கிற இரட்டைக் கல். இதை யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கூட, "அந்தச் சத்தம் போருமா?" என்றுதான் கேட்டார்.

வில்வண்டி பேசினார்கள். பிள்ளை உள்ளே போய்விட்டால் மருமகள் வெளியில் தனியாக நிற்கக்கூடாது என்று மாமனாரும் புறப்பட்டார். முன்னால் மாமனார், கையில் கூஜாவில் வீட்டுத் தண்ணீர். நடுவில் கோட்டும் தலைப்பாகையுமாக அவர். பின்னால் நான், காலுக்கடியில் ஏந்திரம், மடியில் உடைப்பதற்கு ஒரு படி உளுந்து. உத்தியோகம் கேட்கப் போகிற வண்டி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பங்களா மேட்டில் இருந்தது. குசினிக்காரன் வெளியே வந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"நிங்கள் எல்லாரும் ஜோலிக்கா?"

"நான் மட்டும்தான்" என்றார் அவர்.

"அப்போ இது?" என்று கல்லைக் காட்டினான்.

"அது அவளுக்கு."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. அவரை முன்னறைக்குள் கூட்டிக்கொண்டு போனான். நாங்கள் அந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே மாமரத்தடியில் நின்றோம். குசினியிலிருந்து மாமிசம் வேகிற வாசனை வந்தது. மாமனார் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். வண்டிக்காரன் ஏந்திரத்தை இறக்கி வைத்தான். அப்போதுதான் பார்த்தேன், சுற்றுகிற கைப்பிடிக் குச்சியைக் காணோம். மேட்டில் ஏறும்போது வண்டி குலுங்கியதில் எங்கேயோ விழுந்திருக்கிறது. மேல்கல்லைக் கையால் பிடித்துச் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை.

ஜன்னல் வழியாக உள்ளே தெரிந்தது. சாயிப்பு பெரிய ஆள், உருக்கின நெய்யில் விழுந்து எழுந்த மாதிரி வியர்த்துக்கொண்டிருந்தார். என்னமோ கேட்டார். கேள்வி முடிந்தது என்று மட்டும் தெரிந்தது, ஏனென்றால் எல்லாம் நிசப்தமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் எனக்கு அடையாளமாக ஜன்னல் பக்கம் பார்த்து இருமினார்.

எனக்கு வாய் வரவில்லை. குசினிக்காரன், தோட்டக்காரன், வண்டிக்காரன் மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாமனார் மூக்கிலிருந்து துண்டை எடுக்காமலே, "சொல்லு குழந்தே" என்றார்.

நான் குனிந்து கல்லைப் பார்த்தேன். சாயிப்பு மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை கொஞ்சம் உரக்க. அவர் மறுபடியும் இருமினார். அந்த இருமல் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி. சாயிப்பு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்துவிடப் போகிறார், அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன்.

"ஸைன், வார், கெவேசன்."

என் குரல் இல்லை. மாமனார் மரத்தைப் பார்த்து நின்றபடியே, கனத்த குரலில், ஸ்வரத்தோடு எடுத்துக் கொடுத்துவிட்டார். இத்தனை மாதம் வாசலில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். பிள்ளைக்கு வேலை கிடைக்காவிட்டால் லாபம் அவருக்குத்தான். அது ஞாபகம் வராத மாதிரி, மூக்கிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அடுத்த வரியையும் எடுத்துக் கொடுத்தார்.

உள்ளே அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதன்முதலில் சந்தை சொல்லிக் கொடுத்த குரல் அல்லவா. மாமியார் குரலுக்கு மசியாத தொண்டை இதற்கு அப்படியே திறந்துகொண்டது. ஒவ்வொரு வரியும் இரண்டிரண்டு தடவை கணீரென்று வந்தது. சாயிப்பு கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அவர் பதிலுக்குக் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னார். பிரிவு முடியாமல் எப்படி நிறுத்துவது? சாயிப்பு எழுந்து ஜன்னலுக்கு வந்து பார்த்தார். திறந்த மார்பும் விபூதியுமாக ஒரு கிழவர், பக்கத்தில் கல்லோடு ஒரு பெண். கிழவர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "டிரிங்கன், டிராங்க், கெட்ருங்கன்" என்று போய்க்கொண்டே இருக்கிறார்.

'சாப்பிட்டான்' என்கிற வரி வந்தது. "எஸ்ஸன், ஆஸ், கெஸ்ஸன்" என்றார் மாமனார்.

மாடி ஜன்னல் ஒன்று படாரென்று திறந்தது. வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவி, மதாம்மா, தலையை வெளியே நீட்டினாள்.

"கெகெஸ்ஸன்!"

காகங்கள் பறந்துபோயின. காகிதத்தில் அவர் எழுதும்போதே ஒரு எழுத்தை விட்டுவிட்டார், அத்தனை நாளும் நாங்கள் விட்டுவிட்டே சொல்லிக்கொண்டிருந்தோம். மாமனார் மேலே பார்த்தார். பாடத்தில் தப்பு என்று தெரிந்தவர் திருத்தினால் அவருக்குக் கோபமே வராது. கையைக் குவித்துக்கொண்டு, "கெகெஸ்ஸன், கெகெஸ்ஸன்" என்று முறைப்படி இரண்டு தடவை திருப்பிச் சொன்னார்.

மதாம்மாவுக்கு அது போதும். அடுத்த வரியை அவளே எடுத்துக் கொடுத்தாள். உள்ளேயிருந்து அவரும், வெளியேயிருந்து மாமனாருமாகத் திருப்பிச் சொன்னார்கள். ஆனால் அவள் ஸ்வரமே இல்லாமல் கல்லை விட்டெறிவது போலச் சொன்னாள். இரண்டு வரி பொறுத்துப் பார்த்தார் மாமனார். அப்புறம் விரலை ஆட்டினார்.

"ஸ்வரம் இல்லாம சொல்லப்படாது, கேட்டேளா? இறக்கி, ஏத்தணும்."

அவளுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. தலையைச் சாய்த்து மாமனார் சொன்னதைக் கேட்டாள். பிறகு அதே மாதிரி இறக்கி, ஏற்றிச் சொன்னாள்.

"கொள்ளாம்" என்று மெச்சினார் மாமனார்.

பிரிவு முடிந்தது. அவர் உள்ளே எழுந்து நின்று, பாராயணம் முடித்துத் தட்சிணை வாங்குகிற பழக்கத்தில், கோட்டின் மேலிருந்த அங்கவஸ்திரத்தைச் சாயிப்புக்கு முன்னால் இரண்டு கையாலும் விரித்து நீட்டினார். நீட்டிய பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்கிறது. சாயிப்பு அங்கவஸ்திரத்தைப் பார்த்தார், சுற்றும் முற்றும் பார்த்தார், மேஜை மேலிருந்த ஒரு பிஸ்கட்டு டப்பாவை எடுத்து அதில் வைத்தார்.

அப்புறம் இருவரும் இங்கிலீஷில் வெகு நேரம் பேசினார்கள். நானும் மாமனாரும் வண்டியில் போய் உட்கார்ந்தோம். அவர் டப்பாவோடு வந்தார்.

"கிடைச்சுதா?" என்று மாமனார் கேட்டார்.

"குமாஸ்தா வேலை இல்லை. அதுக்குக் கடுதாசி எழுதத் தெரியணுமாம்."

"அப்போ கிடைக்கலை."

"அதில்லை. கிடைச்சிருக்கு." அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாடியிலே இருக்கறது அவன் அம்மா. அந்த ஊர்லே பள்ளிக்கூடத்து டீச்சராம். இங்கே வந்ததுலேந்து சூடு பொறுக்காம ஜன்னலே திறக்கலையாம், அவன்கிட்டே கூடப் பேசறதில்லையாம். நான் தினம் காலம்பற வந்து உட்காரணுமாம். அவ சொல்லுவா, நான் திருப்பிச் சொல்லணும். அதுக்கு சம்பளம்."

"அதாவது, சந்தை."

"சந்தைதான்."

வண்டி மேட்டை விட்டு இறங்கியது. கைப்பிடிக் குச்சி எங்கேயாவது கிடக்கிறதா என்று நான் பாதையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாளையம் தாண்டியதும் என் வீட்டுக்காரர் வெடித்தார்.

"நான் போகப்போறதில்லை. பி.ஏ. படிச்சது இதுக்கா? வைதிகம் வேண்டாம், வைதிகம் வேண்டாம்னுட்டு, கடைசியிலே ஒரு கிழவிக்கு முன்னாலே உட்கார்ந்து இதே வேலையைப் பண்றதுக்கா? ஊர்லே கேட்டா என்ன உத்தியோகம்னு சொல்றது?"

"வேண்டாம்னா வேண்டாம்" என்றார் மாமனார். "எனக்கென்ன, நீ எங்கூட வந்தா நல்லதுதான்." சொன்னாரே தவிர, குரலில் பிடிப்பே இல்லை. மேலே பார்த்துப் பாடம் கேட்ட முகம் இன்னும் அப்படியே இருந்தது.

"போங்கோ" என்றேன்.

யார் பேசியது என்று இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வண்டிச் சக்கரத்தின் சத்தத்தில் தைரியம் வந்துவிட்டது போலிருக்கிறது. என் வாய் நிற்கவில்லை.

"போங்கோ. நீங்க போனாத்தான் அந்த மாமி ஜன்னல் திறப்பா. எனக்கும் மாவு அரைக்கறச்சே மூச்சு வாங்காது. அப்பாவுக்குத் துணைக்குத் தென்காசிக்காரருக்கு ஒரு கடுதாசி போட்டா, வலி குறைஞ்சிருந்தா வருவார். இல்லைன்னா வேற ஆள் இல்லாமலா போயிடும்? கிராப்பும் இருந்துட்டுப் போறது."

மாமனார் என்னைப் பார்த்தார். கோபமில்லை. ரொம்ப நாளாக வீட்டில் இருந்த பாத்திரம் ஒன்று பேசினால் எப்படிப் பார்ப்போமோ, அப்படி. பிறகு பிள்ளையிடம் சொன்னார்:

"அவளே சொல்லியாச்சு. திங்கட்கிழமை ஆரம்பி. ஏழரைக்கு ராகுகாலம் வந்துடும், அதுக்கு முன்னாலே போயிடு."

"அவா அத்தனை சீக்கிரம் எழுந்திருப்பாளா?"

"எழுந்தா என்ன, எழுந்திருக்காட்டா என்ன. நீ நல்ல நேரத்திலே வாசல்லே இரு."

திங்கட்கிழமை அவர் இருட்டு விலகும்போதே குளித்து, கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். சாயங்காலம் வந்து சொன்னார். சாயிப்பு வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லையாம். கேட்டுக்கு உள்ளே மாமரத்தடியில் போய் உட்கார்ந்தாராம். சும்மா இருக்கிறோமே, இன்றைக்காவது தனியாகச் சொல்லிப் பார்ப்போம் என்று "ஸைன்" என்று ஆரம்பித்தாராம். மேலே ஒன்றும் வரவில்லையாம். மாடி ஜன்னல் திறக்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாராம்.